கர்ப்பப்பை அகற்றிய பின் சலம் கசிகிறதா? மறைக்காதீர்கள், திரும்பிப் போங்கள்

ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். அவருக்கு வயது நாற்பத்தைந்து. பல மாதங்களாக இரத்தப்போக்கு. இரத்தம் குறைந்து, மண்வெட்டியைத் தூக்கவும் பலமில்லாமல் போனது. கடைசியில் வைத்தியசாலையில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். சில நாட்களில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். வயிற்றுக் காயம் நன்றாக ஆறி வந்தது. பத்தாம் நாள் விடியற்காலையில் எழும்பியபோது பாயும் சேலையும் நனைந்திருந்தன.

முதலில் அது வெள்ளைபடுதல் என்று நினைத்தார். பிறகு சத்திரசிகிச்சையால் வந்த பலவீனம் என்று நினைத்தார். துணியை மடித்து வைத்துக்கொண்டார். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். கிணற்றடிக்கு மற்றவர்கள் வராத நேரம் பார்த்துப் போகத் தொடங்கினார். கூட்டங்களுக்கும் கலியாண வீடுகளுக்கும் போவதை நிறுத்தினார். கணவனிடம்கூடச் சொல்லவில்லை.

இந்தத் தாய்க்கு வந்திருப்பது பலவீனமும் இல்லை, விதியும் இல்லை. அது ஒரு காயம். அதற்குப் பெயர் உண்டு, சோதனை உண்டு, சிகிச்சையும் உண்டு. ஆனால் அதை யாரிடமாவது சொன்னால்தான் சிகிச்சை தொடங்கும். மொரகஹகந்த, களுகங்கை நீர்த்தேக்கங்களுக்காக வயலையும் வீட்டையும் விட்டு வந்த குடும்பங்களும், மண்சரிவினால் இடம்பெயர்ந்த குடும்பங்களும் மாத்தளை மாவட்டத்தில் உள்ளன. புதிய இடத்தில் பழகிய மருத்துவ மாது இல்லை. பழைய கிளினிக் அட்டை எங்கே போனது என்று தெரியாது. மலசலகூடத்தைப் பலர் சேர்ந்து பாவிக்க வேண்டியிருக்கும். இப்படிப்பட்ட வாழ்க்கையில் இந்த நோயை மறைப்பதும் கடினம், சொல்வதும் கடினம். ஆகவேதான் இதைப் பற்றி விளக்கமாக எழுதுகிறோம்.

உடலுக்குள் ஒரு நீர்ப்பாசனம்

நமது உடலில் சலம் போகும் வழியை விவசாயிகள் இலகுவாக விளங்கிக்கொள்ளலாம். முதுகின் இரு பக்கமும் உள்ள சிறுநீரகங்கள் ஊற்றுகள் போன்றவை. அங்கே உண்டாகும் சலம் இரண்டு மெல்லிய குழாய்கள் வழியாகக் கீழே வருகிறது. இவற்றைச் சிறுநீர்க்கான் என்பர். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர் நீளமானது. இவை வாய்க்கால்கள். அவை வந்து சேரும் சலப்பைதான் குளம். குளத்துக்கு ஒரு துருசு இருப்பது போல, சலப்பைக்கும் இறுக்கமான ஒரு வாசல் உண்டு. நாம் விரும்பும்போது அது திறக்கிறது.

கர்ப்பப்பை இந்தக் குளத்தின் பின்பக்கத்தில் ஒட்டியபடி இருக்கிறது. வாய்க்கால்கள் இரண்டும் கர்ப்பப்பையின் கழுத்திலிருந்து ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் தூரத்தில், கர்ப்பப்பைக்கு இரத்தம் கொண்டுவரும் நாடிக்குக் கீழாகச் செல்கின்றன. கர்ப்பப்பையை எடுக்கும்போது அந்த இரத்தநாடியைக் கட்டி வெட்ட வேண்டும். சலப்பையையும் கர்ப்பப்பையிலிருந்து பிரித்துக் கீழே தள்ள வேண்டும். இவ்வளவு நெருக்கமான இடத்தில் வேலை நடப்பதால்தான் காயம் ஏற்பட இடமிருக்கிறது.

காயம் எவ்வாறு ஏற்படுகிறது?

நூறு பேருக்குக் கர்ப்பப்பையை அகற்றினால், ஏறக்குறைய ஒருவருக்குச் சலப்பையில் காயம் ஏற்படலாம். சிறுநீர்க்கானில் காயம் ஏற்படுவது அதைவிடக் குறைவு. அனுபவமிக்க வைத்திய நிபுணரின் கையிலும் இது நடக்கக்கூடும். முன்பு சீசர் சத்திரசிகிச்சை செய்தவர்கள், பெரிய கட்டிகள் உள்ளவர்கள், உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவர்கள், புற்றுநோய்க்காகச் சத்திரசிகிச்சை செய்பவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு சற்று அதிகம்.

சலப்பையில் ஏற்படும் காயங்களில் பெரும்பகுதி சத்திரசிகிச்சை மேசையிலேயே கண்டுபிடிக்கப்பட்டு, அப்போதே தைக்கப்படுகிறது. அப்படியானால் சலம் போவதற்குப் போட்ட குழாயை ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை வைத்திருப்பார்கள். இவர்கள் பெரும்பாலும் வேறு தொல்லையின்றிக் குணமடைகின்றனர். "மற்றவர்களுக்கு அடுத்த நாளே குழாயை எடுத்தார்கள், எனக்கு ஏன் எடுக்கவில்லை?" என்று பயப்பட வேண்டாம், காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிரச்சினை தருவது அன்று கண்ணுக்குத் தெரியாத காயமே. ஒரு தையல் சலப்பையின் சுவரையும் சேர்த்துப் பிடித்திருக்கலாம். இரத்தத்தை நிறுத்தப் பாவிக்கும் மின்கருவியின் சூடு பட்டிருக்கலாம். அந்த இடத்துக்கு இரத்தம் போவது குறைந்து, சதை மெல்ல மெல்லச் செத்து, சில நாட்களின் பின் ஒரு துளை விழுகிறது. குளக்கட்டில் நண்டுவளை போல அது சிறிதாகத் தொடங்கும். துளையின் வழியாகச் சலம் யோனிக்குள் வந்து வெளியே வடிகிறது. இந்தத் துளைவழியைத்தான் வைத்தியர்கள் பிஸ்டியூலா என்று கூறுகின்றனர். கர்ப்பப்பை அகற்றிய ஆயிரம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு இது வருகிறது. வீட்டுக்கு வந்து ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள் கசிவு தொடங்குவதற்குக் காரணம் இதுதான்.

எந்த அடையாளங்களைக் கவனிக்க வேண்டும்?

கசிவின் அடையாளங்கள்:

1. இருமினாலும் இருமாவிட்டாலும், இரவும் பகலும் யோனி வழியாகத் தண்ணீர் போல வடிதல். அதில் சல வாடை இருத்தல்.

2. சலம் கழிக்கவே தேவைப்படாமல் எல்லாம் வடிந்து போதல். இது சலப்பையில் பெரிய துளை இருப்பதைக் காட்டலாம்.

3. வழக்கம்போலச் சலம் கழிந்தாலும் துணி எப்போதும் நனைந்திருத்தல். இது சிறிய துளையாக இருக்கலாம், அல்லது ஒரு பக்கத்துச் சிறுநீர்க்கானில் காயமாக இருக்கலாம்.

அடைப்பின் அடையாளங்கள்:

1. இடுப்புக்கு மேலே, முதுகின் ஒரு பக்கத்தில் வலி.

2. குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல்.

3. வயிறு வீங்குதல், வாந்தி, மலமும் காற்றும் போகாதிருத்தல்.

4. சலம் மிகக் குறைதல், அல்லது முற்றாக நின்றுபோதல்.

இந்த இரண்டாவது வகையே உயிருக்கு அதிகம் ஆபத்தானது. வாய்க்காலை மண் மூடினால் தண்ணீர் மேலே தேங்கும். அதுபோலச் சிறுநீர்க்கான் தையலில் அகப்பட்டு அடைபட்டால், சலம் சிறுநீரகத்துக்குள் தேங்கி அதை வீங்கச் செய்யும். பல வாரங்கள் இப்படியே விட்டால் அந்தச் சிறுநீரகம் திரும்பவும் வேலை செய்யாமல் போகலாம். சிலருக்கு வலியே இல்லாமலும் இது நடக்கும்.

வில்கமுவ போன்ற பகுதிகளில் காரணம் தெரியாத நீண்டகாலச் சிறுநீரக நோயைப் பற்றி அனைவரும் அறிவார்கள். அதனால் முதுகுவலி வந்தால் "இது அந்த நோய்தான், தண்ணீரால் வந்தது" என்று நாமே முடிவு கட்டிவிடுவதுண்டு. கர்ப்பப்பை அகற்றிய சில வாரங்களுக்குள் வரும் முதுகுவலியை அப்படி ஒதுக்கிவிடக் கூடாது. ஏற்கெனவே சிறுநீரகம் பலவீனமானவர், இருப்பதில் ஒன்றையும் இழந்தால் தாங்கமாட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிரிக்கும்போதும் தும்மும்போதும் மட்டும் சில துளி சலம் போவது வேறு. அது வாசலின் தளர்ச்சி. சலம் கழிக்கும்போது எரிவு இருந்தால் அது பெரும்பாலும் கிருமித்தொற்று. இவற்றுக்கும் சிகிச்சை உண்டு. எது எது என்று வீட்டிலிருந்து தீர்மானிக்க முடியாது என்பதால் எல்லாவற்றையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

எங்கே போவது? எதைக் கொண்டுபோவது?

கசிவு தொடங்கினால் அந்த வாரத்துக்குள்ளேயே போகவேண்டும். காய்ச்சலோ, வாந்தியோ, வயிற்று வீக்கமோ, சலம் நின்றதோ இருந்தால் அன்றைக்கே போகவேண்டும். வாகன வசதி இல்லாதவர்கள் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய இலவச அம்புலன்ஸ் வரும்.

முதலில் போகவேண்டிய இடம் சத்திரசிகிச்சை நடந்த வைத்தியசாலையே. உள்ளே என்ன செய்தார்கள் என்ற விபரம் அங்கேதான் இருக்கிறது. "பிழை செய்தவர்களிடமே திரும்பிப் போவதா?" என்ற கோபம் சிலருக்கு வரலாம். அது இயல்பானது. ஆனால் கோபத்தால் நாட்கள் கழிந்தால் பாதிக்கப்படுவது உங்கள் சிறுநீரகமே. என்ன நடந்தது என்று கேட்கவும், விளக்கம் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. சிகிச்சையைத் தொடங்கிக்கொண்டே கேட்கலாம்.

அவ்வளவு தூரம் போக முடியாதபடி இடம்பெயர்ந்திருந்தால், மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ, தம்புள்ளை ஆதார வைத்தியசாலைக்கோ போகலாம். மேலதிக சிகிச்சை தேவைப்பட்டால் கடிதம் தந்து கண்டி தேசிய வைத்தியசாலை போன்ற பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். முன்பு தனியார் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை செய்திருந்தாலும் அரசாங்க வைத்தியசாலையில் உங்களை ஏற்றுக்கொள்வார்கள். அங்கே சிகிச்சை இலவசம்.

நேரே போகத் தயக்கமானால் உங்கள் பகுதி மருத்துவ மாதுவிடம் தனியாகப் பேசுங்கள். புதிய குடியிருப்பில் அவர் யாரென்று தெரியாவிட்டால் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தில் கேட்கலாம். பெண்களின் சுகநலத்துக்காக 1996ஆம் ஆண்டு முதல் நடத்தப்படும் 'சுவநாரி' கிளினிக்கிலும் இதைச் சொல்லலாம்.

போகும்போது துண்டு வெட்டும் நேரம் தந்த நோய் விபர அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். ஸ்கேன் படம், இரத்தப் பரிசோதனைத் துண்டுகள், குடித்துக்கொண்டிருக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரே பொலித்தீன் உறையில் போட்டு வையுங்கள். காணி உறுதியைப் பாதுகாப்பது போல இதையும் பாதுகாக்க வேண்டும். அட்டை தொலைந்திருந்தால், எந்த வைத்தியசாலை, எந்த வார்ட், எந்த மாதம் என்பவற்றையாவது எழுதிக்கொண்டு போங்கள்.

என்ன சோதனை செய்வார்கள்?

சோதனைகளின் பெயரைக் கேட்டுப் பயப்படத் தேவையில்லை. வடியும் நீர் சலந்தானா என்று அறிய அதைச் சோதனைக்கு அனுப்புவார்கள். இன்னொரு எளிய சோதனையில், குழாய் மூலம் சலப்பைக்குள் நீலநிற மருந்தை விட்டு, யோனிக்குள் பஞ்சு வைப்பார்கள். பஞ்சு நீலமானால் துளை சலப்பையில் இருக்கிறது. பஞ்சு நனைந்தும் நீலமாகாவிட்டால் கசிவு சிறுநீர்க்கானிலிருந்து வரலாம். சிறுநீரகம் வீங்கியுள்ளதா என்று ஸ்கேன் செய்து பார்ப்பார்கள். தேவையானால் மருந்து ஏற்றிப் படம் எடுப்பார்கள். மெல்லிய கமராக் குழாயால் சலப்பைக்குள்ளும் பார்ப்பார்கள். ஒரு துளை கண்டுபிடிக்கப்பட்டாலும் வேறு காயம் இல்லை என்று நிச்சயப்படுத்துவது அவசியம். சிலருக்கு இரண்டும் சேர்ந்திருப்பதுண்டு.

சிகிச்சை எவ்வாறு நடக்கும்?

சலப்பைத் துளை மிகச் சிறியதாக இருந்து சீக்கிரம் கண்டுபிடிக்கப்பட்டால், சலக்குழாயைச் சில வாரங்கள் தொடர்ந்து வைத்திருப்பார்கள். குளத்தில் நீர் தேங்காதிருந்தால் கட்டு இறுகுவது போல, சிலருக்குத் துளை தானே மூடிக்கொள்ளும்.

அப்படி மூடாவிட்டால் சத்திரசிகிச்சை செய்து தைக்கவேண்டும். முதல் சில நாட்களிலேயே கண்டுபிடிக்கப்பட்டால் உடனே தைப்பதுண்டு. அதற்குப் பிந்தினால் புண்ணும் வீக்கமும் ஆறும் வரை ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் காத்திருக்கச் சொல்வது வழக்கம். ஈரமான சேற்றில் கட்டிய வரம்பு நிற்காது அல்லவா? அதுபோல வீங்கிய சதையில் போட்ட தையலும் பிடிக்காது. ஆகவே "என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்" என்று மனமுடைந்து கிளினிக்கை விட்டுவிடாதீர்கள். காத்திருப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. பயிற்சி பெற்றவர்கள் செய்யும்போது பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு முதல் முயற்சியிலேயே குணம் கிடைக்கிறது. புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களுக்கு இது சற்றுக் கடினம்.

சிறுநீர்க்கான் அடைபட்டிருந்தால் அவசரமாகச் சிறுநீரகத்தைக் காப்பாற்ற வேண்டும். முடிந்தால் குழாய்க்குள்ளே ஸ்டென்ட் என்னும் மெல்லிய நெகிழ்குழாயைச் செருகுவார்கள். அது முடியாதபோது முதுகின் வழியாகச் சிறுநீரகத்துக்குள் ஒரு குழாய் போட்டுச் சலத்தை வெளியே பையில் எடுப்பார்கள். பின்னர் தேவையானால் சிறுநீர்க்கானைச் சலப்பையின் நல்ல இடத்தில் புதிதாகப் பொருத்துவார்கள். பழைய மடை உடைந்தால் வாய்க்காலைத் திருப்பி வேறிடத்தில் மடை வைப்பது போன்றது இது.

ஸ்டென்ட் போட்டவர்கள் மறக்கக்கூடாத ஒன்று

ஸ்டென்ட் நிரந்தரமாக உள்ளே இருக்க வேண்டியதன்று. பெரும்பாலும் சில வாரங்களில், வைத்தியர் சொல்லும் திகதியில் அதை எடுக்கவேண்டும். வலி இல்லாததால் பலர் மறந்துவிடுகின்றனர். மாதக்கணக்கில் விட்டால் அதன்மேல் கல் படிந்து, அடைப்பும் கிருமித்தொற்றும் ஏற்பட்டு, சிறுநீரகமே கெட்டுப்போகலாம்.

இடம்பெயர்ந்தவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். விலாசம் மாறிவிடும், கிளினிக் திகதி எழுதிய துண்டு காணாமற்போகும். ஆகவே "இன்ன திகதியில் ஸ்டென்ட் எடுக்கவேண்டும்" என்பதைக் கலண்டரில் எழுதிச் சுவரில் மாட்டுங்கள். கணவனுக்கும் மூத்த பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள். புதிய இடத்துக்கு மாறினால், உள்ளே குழாய் இருக்கிறது என்பதை அங்குள்ள வைத்தியரிடமும் மருத்துவ மாதுவிடமும் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

1. தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள். குறைத்தால் கசிவு நிற்காது. சலம் கடுமையாகித் தோலை எரிக்கும், கிருமியும் பெருகும். சிறுநீரக அல்லது இருதய நோய் உள்ளவர்கள் மட்டும் எவ்வளவு குடிக்கலாம் என்று வைத்தியரிடம் கேட்கவேண்டும்.

2. நனைந்த துணியை அடிக்கடி மாற்றுங்கள். பழைய பருத்திச் சேலைத் துண்டுகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நல்ல வெயிலில் காயவைத்துப் பாவிக்கலாம்.

3. தோலை வெறும் தண்ணீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, வாஸ்லின் பூசுங்கள். கிருமிநாசினி கலந்த நீரால் கழுவ வேண்டாம். யோனிக்குள் பச்சிலையோ வேறு மருந்தோ வைக்க வேண்டாம்.

4. சலக்குழாய் போட்டிருந்தால், பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்கட்டும், நிலத்தில் படக்கூடாது. குழாய் மடிந்து அடைபடாமல் பாருங்கள். அதைத் தொடும் முன்னும் பின்னும் கையைக் கழுவுங்கள். குழாயில் சலம் வராமல் வயிறு இறுகினால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

5. தைத்த பின் வைத்தியர் சொல்லும் வரை தண்ணீர்க் குடம், விறகு, நெல்மூடை எதையும் தூக்கக்கூடாது. உடலுறவை ஏறக்குறைய மூன்று மாதங்கள் தவிர்க்கவேண்டும். இது கணவன்மார் விளங்கிக்கொள்ள வேண்டிய விடயம்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை

முன்னைய காலத்தில் பிள்ளைப்பேறு வீட்டிலேயே நடந்தது. நாட்கணக்கில் நோவு எடுத்துப் பிள்ளை இறங்காதபோது, பிள்ளையின் தலை அழுத்தி இதே துளை உண்டாகும். ஏழை நாடுகள் பலவற்றில் இன்றும் இப்படி நடக்கிறது. எத்தியோப்பியாவில் இப்படிப் பாதிக்கப்பட்ட இளம்பெண்கள் வாடை காரணமாகக் குடும்பத்தாலேயே ஒதுக்கப்பட்டனர். 1959இல் அங்கு சென்ற வைத்தியர்களான கதரின் ஹம்லினும் அவரது கணவர் ரெஜினோல்ட் ஹம்லினும் 1974இல் அடிஸ் அபாபாவில் இவர்களுக்கென்றே ஒரு வைத்தியசாலையை அமைத்தனர். கதரின் 2020இல் தமது 96ஆவது வயதில் இறக்கும்வரை அந்த நாட்டிலேயே இருந்தார். அங்கு பல்லாயிரம் பெண்கள் குணமடைந்து ஊர் திரும்பினர். 2013ஆம் ஆண்டு முதல் மே 23ஆம் திகதி இந்நோயை ஒழிப்பதற்கான சர்வதேச தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

இலங்கையில் இன்று ஏறக்குறைய எல்லாப் பிள்ளைப்பேறுகளும் வைத்தியசாலையில் நடப்பதால் அந்தவகைத் துளை மிக அரிது. இங்கே பெரும்பாலும் காண்பது சத்திரசிகிச்சையின் பின் வருவதே. ஆனால் ஒதுங்கி வாழும் வேதனை இரண்டிலும் ஒன்றுதான். வாடையைப் பற்றி முகம் சுளிப்பதை விட்டு, பஸ் செலவுக்குப் பணம் ஒதுக்கி, கிளினிக் நாளில் ஒருவர் கூடப் போனால் அதுவே பாதி மருந்து.

சத்திரசிகிச்சைக்கு முன் கேட்க வேண்டியவை

தேவையற்ற சத்திரசிகிச்சையைத் தவிர்ப்பதும் காயத்தைத் தவிர்க்கும் வழியே. இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில் பீட் மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்டுவதற்காக ஊர்விட்டு ஊர் போகும் பெண்களை 2019இல் அரசாங்கக் குழுவொன்று ஆராய்ந்தது. ஏறக்குறைய 82,000 பேரில் 13,000க்கும் மேற்பட்டோர் கர்ப்பப்பையை அகற்றியிருந்தனர். தேவையற்ற சத்திரசிகிச்சைகளைத் தடுக்கும் வழிகாட்டலை நடைமுறைப்படுத்துமாறு 2023இல் இந்திய உயர் நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

பலருக்கு இந்தச் சத்திரசிகிச்சை உண்மையிலேயே தேவை. அது உயிரைக் காக்கிறது. ஆகவே பயந்து ஓடவேண்டியதில்லை, ஆனால் கேள்வி கேட்கலாம். என்ன நோய்க்காக எடுக்கிறீர்கள்? மருந்தாலோ வேறு வழியாலோ குணப்படுத்த முடியாதா? எனக்கு முன்பு சீசர் செய்திருக்கிறது, அதனால் சிக்கல் வருமா? வீட்டுக்குப் போன பின் எந்த அடையாளத்தைக் கண்டால் திரும்பி வரவேண்டும்? இந்த நான்கையும் கையெழுத்து வைக்கும் முன் கேளுங்கள்.

முடிவாக, உங்கள் வீட்டிலோ அயலிலோ கர்ப்பப்பை அகற்றிய ஒரு பெண், அண்மைக்காலமாகக் கூட்டத்துக்கு வராமல், யாருடனும் சேராமல் இருந்தால், தனியாகப் போய் ஆறுதலாகக் கேளுங்கள். "அக்கா, துணி நனைகிறதா?" என்ற ஒரு கேள்வி போதும். குளக்கட்டில் கசிவைக் கண்டவுடன் ஊரே ஓடிப்போய் மண் போடுகிறோம். இந்தக் கசிவையும் அப்படியே, காலம் தாழ்த்தாமல் கவனிப்போம்.